முதலில் ஜன்னல் எந்தப் பக்கம்? வீட்டுக்குள் செடி, பாய், மூங்கில்: கேள்வி பதில்

தாம்பரம் பக்கம் 17 வருஷமாக நர்சரி வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் செடி அமைத்துக் கொடுப்பதும் என் வேலைதான். இயற்கைப் பொருட்களோடு வீட்டை அலங்கரிப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங், வாஸ்து எனக்குத் தெரியாத துறைகள். அவற்றை விட்டுவிட்டேன்.

வேளச்சேரி: ஹாலை போஹீமியன் ஸ்டைலுக்கு மாத்தணும் அக்கா. 40,000 ரூபாய் வச்சிருக்கேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

பரணிலிருந்து ஆரம்பியுங்கள். போஹீமியன் என்பது 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் காசில்லாத ஓவியர்களும் எழுத்தாளர்களும் வாழ்ந்த விதத்துக்கு வந்த பெயர். ரோமா நாடோடி மக்கள் இன்றைய செக் நாட்டிலுள்ள பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த சொல், பிறகு இந்தக் கலைஞர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கைக்குக் கிடைத்த துணி, யாரோ கொடுத்த நாற்காலி, எங்கோ எடுத்த ஜாடி என்று சேர்ந்த வீடுகள் அவை. அதை ஒரே கடையில் ஒரே நாளில் செட்டாக வாங்கினால் ஹோட்டல் வரவேற்பறை மாதிரிதான் இருக்கும்.

உங்கள் வீட்டிலேயே முறம், பனையோலைக் கொட்டான், பித்தளை அண்டா, அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை இருக்கும். முதலில் அவற்றை இறக்குங்கள். அண்டாவில் நேரடியாக மண் போட வேண்டாம். அடியில் ஓட்டை இல்லாததால் வேர் அழுகிவிடும். செடியைப் பிளாஸ்டிக் தொட்டியிலேயே வைத்து அண்டாவுக்குள் இறக்குங்கள். தண்ணீர் ஊற்ற வெளியே எடுத்து, நன்றாக வடிந்ததும் திரும்ப வையுங்கள்.

செடி வாங்கும் முன் ஒரு சோதனை. வைக்கப்போகும் இடத்தில் பகல் 12 மணி வாக்கில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். கலங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். அங்கே மணி பிளான்ட், அக்லோனிமா வளரும். நிழலே விழவில்லை என்றால் அது செடிக்கு இடமில்லை. ஒரு விளக்கோ கூடையோ வைத்துவிடுங்கள்.

போரூர்: மணி பிளான்ட் ரெண்டு வருஷமா இருக்கு. நல்லா நீளுது, ஆனா இலை வெத்தலை அளவைத் தாண்டல. உரம் என்ன போடணும்?

உரப் பிரச்சினை இல்லை. உங்கள் கொடி தொங்குகிறது. காட்டில் அது மரம் பற்றி ஏறும் கொடி. ஏற ஏற இலை பெருக்கும், தொங்கினால் சிறுக்கும். தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, கணுவில் இருக்கும் பழுப்பு வேர் நாரைத் தொடும்படி சணலால் கட்டுங்கள். நாரை ஈரமாக வைத்திருங்கள். நாலைந்து மாதத்தில் புது இலை பழைய இலையைவிடப் பெரிதாக வரும்.

குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி எல்லாம் சேம்புக் குடும்பம். சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கும் அல்லவா, அதே ஊசிப் படிகங்கள் இவற்றின் இலையிலும் உண்டு. கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும்.

அண்ணா நகர், மேடவாக்கம், திருச்சி, இன்னும் பலர்: பெட்ரூம்ல செடி வைக்கலாமா? ராத்திரி கரியமில வாயு விடுமே? எத்தனை செடி வச்சா காத்து சுத்தமாகும்?

வைக்கலாம். இரவில் செடி விடும் கரியமில வாயு, பக்கத்தில் படுத்திருப்பவர் விடுவதில் ஒரு சிறு துளி.

காற்றுச் சுத்தம் பற்றிய பேச்சு 1989இல் வந்த நாசா ஆய்விலிருந்து கிளம்பியது. அதை நடத்திய விஞ்ஞானி வோல்வர்ட்டன் அந்தச் சோதனைகளைக் காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செய்தார். நம் வீட்டில் கதவும் ஜன்னலும் இருக்கின்றன. 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இத்தகைய சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். ஜன்னல் வழியே காற்று மாறுவதற்கு ஈடாகச் செடி வேலை செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டியிருக்கும் என்று வந்தது. காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள். செடியை அதன் பச்சைக்காக வையுங்கள், அதுவே போதுமான காரணம்.

திருநெல்வேலி: பத்தமடைப் பாயை சுவர்ல மாட்ட எங்க அத்தை சம்மதிக்கல. படுக்குற பாயை ஏன் மாட்டணும்னு கேக்காங்க. மாட்டலாமா? எப்படிப் பாதுகாக்கது?

அத்தை சொல்வதில் நியாயம் உண்டு. கோரைப் பாய் உடம்பு படப் படத்தான் மெருகேறும். ஆனால் பட்டுப்பாய் எனப்படும் மெல்லிய ரகம் வேறு. தாமிரபரணிக் கரைக் கோரையைப் பிளந்து, ஊறவைத்து, நூல் போல மெலிதாக்கி, பருத்திப் பாவில் நெய்தது அது. கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்கும். எதிர் வெளிச்சத்தில் பிடித்தால் இழை இழையாக ஒளி ஊடுருவும். அதைத் தரையில் போட்டு நாற்காலி இழுக்க எனக்கு மனசு வராது. மாட்டுங்கள். அத்தைக்கு ஒரு சாதாரணக் கோரைப் பாய் வாங்கிக் கொடுங்கள்.

மாட்டும்போது ஆணி அடிக்காதீர்கள். மேல் ஓரத்தில் மூங்கில் கம்பு கோத்துத் தொங்கவிடுங்கள். சுவருக்கும் பாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும், ஈரச் சுவரில் ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, காலை வெயிலில் அரை மணி காட்டுங்கள். எடுத்து வைப்பதானால் சுருட்டுங்கள், மடித்தால் மடிப்பில் கோரை ஒடியும்.

குரோம்பேட்டை: எந்தச் செடி வாங்கலாம்?
மதுரை: லோ மெயின்டனன்ஸ் செடி பத்து சொல்லுங்க.
ஓசூர்: எங்க வீட்டுக்கு என்ன செடி சூட் ஆகும்?

ஜன்னல் எந்தப் பக்கம்? அதைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை. மேற்கு ஜன்னலில் சித்திரை வெயில் விழும் இடத்துக்கும், பக்கத்து அடுக்குமாடி மறைத்த வடக்கு ஜன்னலுக்கும் ஒரே செடி எப்படிப் பொருந்தும்?

கோயம்புத்தூர்: மூங்கில் ஷெல்ஃப் வாங்கி மூணு மாசம்தான் ஆச்சுங்க. கீழே தினமும் மஞ்சப் பொடி கொட்டிக் கிடக்குதுங்க. கரையானுங்களா?

கரையான் இல்லை. கரையான் என்றால் மண் பாதை தெரியும். இது உளுப்பு. ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருக்கும், பாருங்கள். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னும் சின்ன வண்டின் வேலை. என் வீட்டிலேயே இப்படி ஒரு ஷெல்ஃப் போனது. விற்றவர் "பதப்படுத்தியது" என்றார், நான் கேள்வி கேட்காமல் வாங்கினேன். ராத்திரி அமைதியில் காதை வைத்தால் உள்ளே கொறிக்கும் சத்தம் கேட்கும்.

வெட்டிய மூங்கிலை வாரக்கணக்கில் தண்ணீரில் மூழ்கப்போடுவது பழைய முறை. மாவுச்சத்து கரைந்து போய்விடும். இப்போது போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைக்கிறார்கள். உங்கள் ஷெல்ஃபுக்கு வார்னிஷ் அடித்திருப்பார்கள், மேலே பூசினால் உள்ளே இறங்காது. வெயிலில் காயவைத்து, அந்தக் கரைசலை ஊசியால் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் செலுத்தி, மெழுகால் அடையுங்கள். பிரம்பு நாற்காலி பக்கத்தில் இருந்தால் உடனே தள்ளி வையுங்கள், பரவும். அடுத்த முறை வாங்கும்போது எதில் ஊறவைத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ஆவடி: தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டுல தண்ணி நின்னா செடி தானே எடுத்துக்குமா?

செடி எடுப்பதற்குள் கொசு எடுத்துக்கொள்ளும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரிச் சுத்தமான, கொஞ்சமான தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலில் மணி பிளான்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான்.

மயிலாடுதுறை: தொட்டி அடியில ரெண்டு அங்குலம் ஜல்லி போடணும்தானே? தண்ணி வடியறதுக்கு?

வேண்டாம். நல்லது என்று நினைத்து எல்லோரும் செய்யும் தவறு இது. பொடி மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மண் முழுக்க நனைந்து தளும்பிய பிறகுதான் சொட்டும். தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய ஈரம், ஜல்லிக்கு மேலே வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

மயிலாடுதுறை, மறுபடி: மன்னிக்கணும், இதை ஏத்துக்க முடியல. எங்க அம்மா நாப்பது வருஷம் ஓட்டாஞ்சில்லு போட்டுத்தான் ரோஜா வச்சாங்க. ஒண்ணுகூட அழுகினதில்ல.

அம்மாவின் ரோஜா அழுகாததை நம்புகிறேன். மண் தொட்டி, திறந்த முற்றம், நாள் முழுக்க வெயில். தொட்டிச் சுவரே ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். நாம் பேசுவது பீங்கான் தொட்டியில், ஃபேனுக்குக் கீழே, வெயில் படாத ஹாலில் இருக்கும் செடி. அம்மாவின் கை சரி, இடம் வேறு.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நனைத்து, தட்டையாகப் பிடித்து, சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். இப்போது அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். உயரம் கூடினால் வடியும். ஜல்லி போடும்போது மண்ணின் உயரத்தைக் குறைக்கிறீர்கள். 12 அங்குலத் தொட்டியில் 3 அங்குலம் ஜல்லி என்றால் வேருக்கு 9 அங்குலம்தான்.

தஞ்சாவூர்: அம்மா சொல்றதுதான் சரி. எல்லா நர்சரியிலும் ஜல்லி போட்டுத்தான் தராங்க.

என் நர்சரியில் தருவதில்லை. எல்லோரும் செய்வது ஒரு ஆதாரமா? இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் ஜல்லி மேல் மண், மற்றதில் வெறும் மண். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றிவிட்டு, கண்ணாடி வழியே பாருங்கள்.

மயிலாடுதுறை: செஞ்சு பார்த்தேன். ஜல்லிக்கு நடுவுல காத்துதான் இருக்கு. அதுக்கு நேர் மேல மண்ணு சொதசொதன்னு கறுத்து நிக்குது. அம்மாகிட்ட காட்டினேன், ஒண்ணும் பேசல. ஓட்டை வழியா மண்ணு போகாம இருக்கவாவது ஒரு சில்லு வைக்கலாமான்னு கேக்கறாங்க.

ஒரு சில்லு தாராளமாக வைக்கலாம், வளைந்த பக்கம் மேலே இருக்கும்படி. அதை அடுக்காக்க வேண்டாம். செய்து பார்த்ததற்கு உங்கள் இருவருக்கும் நன்றி. கலவையையே மாற்றுங்கள்: கழுவிய கோகோபீட் (தென்னை நார்த் தூள்) இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கோகோபீட்டைக் கழுவச் சொல்வது உப்புக்காக. வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் தெளியும் வரை மாற்றுங்கள்.

காரைக்குடி: ஆத்தங்குடித் தரையில மண் தொட்டி வச்ச இடத்துல வெள்ளை வளையம். ஆசிட் போட்டா போகுமா?

ஆசிட் வேண்டவே வேண்டாம். கண்ணாடி மேல் நிறச் சாந்து ஊற்றி, மணலும் சிமென்ட்டும் இட்டு வார்த்த கல் அது. நிறத்தையே ஆசிட் அரித்துவிடும். வளையம் போர்த் தண்ணீரின் உப்பு. ஈரத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, காய்ந்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் தேயுங்கள். அடுத்து மரப் பலகை மேல் தொட்டியை வையுங்கள்.

பெருங்குடி: ஆர்.ஓ. கழிவுத் தண்ணி ஊத்தலாமா?

கூடாது, உப்பு இன்னும் அதிகம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது.

சேலம்: பத்து செடி லிஸ்ட் போடுங்க.

மேலே படியுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம்?

கும்பகோணம்: அக்கா, மேலே எல்லாம் படிச்சுட்டேன். கிழக்கு ஜன்னல், நாலடி அகலம், வெளியே வேப்பமரம். தாள் வச்சுப் பார்த்தேன், நிழல் கலங்கலா விழுது. பூனை ஒண்ணு இருக்கு.

தம்பி, இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன். வெற்றிலைக்கொடி வையுங்கள். கொடிக்காலில் அகத்தி நிழலில் வளரும் செடி அது. வேப்பிலை வழியே வடிந்து வரும் உங்கள் காலை வெயில் அதற்குச் சரியாக இருக்கும். பூனைக்கும் வாய் அரிக்காது. பத்து அங்குல மண் தொட்டி, நார் சுற்றிய நாலடிக் கம்பு, ஈரம் காயாத கலவை. இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றுங்கள். பக்கத்துக் கொடிக்காலில் கேட்டால் நறுக்கு கொடுப்பார்கள். இந்த வாரமே நடுங்கள், தட்டைக் கழுவ ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள்.