அலுவலக எக்ஸ்சேஞ்ச் சேவையகத்துக்குப் பதிலாக எந்தத் திறமூல மென்பொருளை வைக்கலாம்?

உங்கள் அலுவலகத்தில் 60 பேருக்கு மைக்ரோசாஃப்டின் அஞ்சல், நாட்காட்டிச் சேவையகமான எக்ஸ்சேஞ்ச் 2016 ஓடுகிறது, உரிமக் கட்டணத்தை இனியும் கட்ட நிர்வாகம் விரும்பவில்லை, அதன் இடத்தில் எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழ இதே நிலையில் இருந்த ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் 45 அஞ்சல் பெட்டிகளை நான் மாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில், மென்பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: உங்கள் பணியாளர்கள் தங்கள் கணினியில் அஞ்சலையும் நாட்காட்டியையும் பார்க்கும் அவுட்லுக்கை விட்டுக்கொடுப்பார்களா?

மாறத்தான் வேண்டுமா என்று நிர்வாகத்தில் யாரேனும் இழுத்தால், 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதைச் சொல்லுங்கள். 2021 மார்ச்சில் ப்ராக்ஸிலாகன் எனப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளின் வழியாகத் தாக்குபவர்கள் உலகெங்கும் எக்ஸ்சேஞ்ச் சேவையகங்களுக்குள் புகுந்தார்கள். திருத்தங்கள் வராத பதிப்பை இணையத்தில் திறந்து வைத்திருப்பது, வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போவதற்குச் சமம்.

அஞ்சலைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலை வாங்கி அனுப்பும், டவ்காட் அதைப் பெட்டியில் வைத்து, அஞ்சலைப் படிப்பதற்கான ஐமேப் நெறிமுறை வழியாகத் தரும், ஆர்ஸ்பாம்டி எரிதத்தை (ஸ்பேம்) வடிகட்டும். வேலை வாங்குவது நாட்காட்டிதான். மேலாளரின் நாட்காட்டியை அவருடைய செயலாளர் திறந்து சந்திப்பு குறிப்பது, கூட்ட அறை காலியா என்று பார்ப்பது, நான்கு பேருக்கும் ஒத்துவரும் நேரத்தைத் தேடுவது, இவை எல்லாம் கைப்பேசியிலும் அப்படியே தெரிவது ஆகிய இவற்றைத்தான் பணியாளர்கள் "மெயில்" என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள்.

அவுட்லுக் எக்ஸ்சேஞ்சுடன் மேப்பி என்ற நெறிமுறையில் பேசுகிறது. திறமூல மென்பொருள்கள் நாட்காட்டிக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது 2007இல் தரப்படுத்தப்பட்ட கால்டாவ் என்ற வேறு நெறிமுறை. அது அவுட்லுக்குக்குத் தெரியாது. ஆகவே அவுட்லுக் இருந்தே தீர வேண்டும் என்றால் நீங்கள் முதலில் சோதிக்க வேண்டியது ஆஸ்திரியாவிலிருந்து வரும் குரோம்யூனியோ. மேப்பியைச் சேவையகத்தின் பக்கத்தில் புதிதாக எழுதிவைத்திருப்பதால், அவுட்லுக் எந்தச் செருகுநிரலும் இல்லாமல், எக்ஸ்சேஞ்சுடன்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே அதனுடன் வேலை செய்யும். தண்டர்பேர்டு என்ற இலவச அஞ்சல் மென்பொருளோ உலாவியோ போதும் என்றால், அஞ்சலையும் நாட்காட்டியையும் சேர்த்துத் தரும் சோகோ மிக இலகுவானது. அதைத் தனியாக நிறுவுவதைவிட, மேலே சொன்ன மூன்றையும் சோகோவையும் டாக்கர் கொள்கலன்களில் (ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியாக ஓடும் தயார்ப் பொதிகள்) அடுக்கித் தரும் மெயில்கவ்வை எடுத்துக்கொள்வது நல்லது. (சோகோ வேறு, நம் ஊர் ஜோஹோ வேறு. எங்கள் மேலாளர் இதில் ஒரு வாரம் குழம்பி, விலைப்பட்டியல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.)

தேடும்போது பழைய பரிந்துரைகளில் சிக்கிக்கொள்ளாதீர்கள். சோகோ அவுட்லுக்குடன் நேரடியாக இணையும் என்று பல கட்டுரைகள் இன்னும் சொல்கின்றன. மேப்பியைப் பேசும் ஓப்பன்சேஞ்ச் என்ற திறமூல மென்பொருள் வழியாக அது ஒரு காலத்தில் இருந்தது, நான்காம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. இதே வகை மென்பொருளான ஜிம்ப்ராவைப் பல பட்டியல்கள் முதலிடத்தில் வைக்கின்றன, ஆனால் 8.8.15க்குப் பிறகு அதன் திறமூலப் பதிப்புக்கு நிறுவனமே நேரடியாக நிறுவல் கோப்புகள் தருவதில்லை, மூலநிரலை நாமே தொகுத்துக்கொள்ள வேண்டும். 60 பேர் அலுவலகத்தில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது?

நாங்கள் எடுத்தது சோகோ. அவுட்லுக்கை விட மாட்டோம் என்றவர்கள் முதலில் 12 பேர். பேசிப் பார்த்ததில் அது இரண்டாகக் குறைந்தது. அந்த இருவருக்கும் கால்டாவ் சிங்க்ரனைசர் என்ற இலவசச் செருகுநிரலைப் போட்டுக் கொடுத்தோம். ஆனால் அது பழைய அவுட்லுக்கில் மட்டுமே ஓடும், விண்டோஸின் புதிய அவுட்லுக்கில் ஓடாது. அவுட்லுக்கை விடுவது நடக்காத காரியம் என்று உங்கள் நிர்வாகம் சொன்னால், ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025இல் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற வேறொரு திறமூல மென்பொருளுக்கும் தண்டர்பேர்டுக்கும் மாற்றி முடித்ததைக் காட்டலாம்.

பழைய அஞ்சல்களை, ஐமேப் பெட்டிகளை நகலெடுக்கும் ஐமேப்சிங்க் என்ற கருவி கொண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே இரவுதோறும் நகலெடுத்தோம். இரண்டாம் முறையிலிருந்து புதியவை மட்டுமே நகரும் என்பதால், மாறிய வெள்ளிக்கிழமை இரவில் எஞ்சியிருந்த வேலை ஒரு மணி நேரம்தான். நாட்காட்டிகளை ஐமேப்சிங்க் தொடாது. அவற்றை ஐசிஎஸ் கோப்புகளாக ஏற்றுமதி செய்து இறக்கியபோதுதான் நான் சரியாக அடி வாங்கினேன். வாராவாரம் நடக்கும் கூட்டத்தில் ஒரு வாரத்தை மட்டும் தள்ளிவைத்திருந்தால், சில பதிவுகள் இரட்டித்தும் சில பழைய நாளுக்கே திரும்பியும் வந்தன. திங்கட்கிழமை காலை ஒரே கூட்ட அறைக்கு வெளியே இரண்டு குழுக்கள் நின்றன. பிறகு தொடர் கூட்டங்களை எல்லாம் அழித்துவிட்டு, ஒருங்கிணைப்பவரையே புதிதாகப் பதியச் சொன்னோம். தொடக்கத்திலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

சொந்தச் சேவையகத்திலிருந்து அனுப்பும் அஞ்சல் எரிதப் பெட்டிக்குப் போகாமல் இருக்க நிலையான ஐபி முகவரியும், அதற்குரிய பிடிஆர் பதிவும் (அந்த ஐபி எந்தப் பெயருக்குரியது என்று சொல்வது), அஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று டிஎன்எஸ் பதிவுகளும் வேண்டும். கடைசி மூன்றும் உங்கள் கையில் இருப்பவை, பிடிஆர் பதிவு இணையச் சேவை தருபவரின் கையில் இருக்கிறது. எங்களுக்கு அது கிடைக்க 11 நாட்களும் எண்ணற்ற தொலைபேசி அழைப்புகளும் ஆயின, எனவே மற்ற வேலைகளைத் தொடங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் 60 பேரில் நாட்காட்டியை மிக அதிகமாகப் பயன்படுத்தும் மூவரை, பெரும்பாலும் அது செயலாளர்களாகவே இருக்கும், இரண்டு வாரம் சோதனைச் சேவையகத்தில் வேலை செய்யவிட்டு, அவர்கள் முணுமுணுப்பதை எழுதிவைத்துக்கொண்டு அதன்படி சோகோவா குரோம்யூனியோவா என்று தீர்மானியுங்கள். மாறிய பிறகு பழைய எக்ஸ்சேஞ்சை வெறுமனே அணைத்துவிடாதீர்கள். அலுவலக டொமைனில் சேர்ந்த கணினிகளில் அவுட்லுக் தன் சேவையகத்தை, அலுவலகக் கணக்குகளையும் கணினிகளையும் பதிந்துவைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில்தான் முதலில் தேடும். அங்கே பழைய பதிவு இருக்கும்வரை, புதிய சேவையகத்தை எத்தனை முறை அமைத்தாலும் இல்லாத எக்ஸ்சேஞ்சைக் கேட்டுக் கடவுச்சொல் பெட்டியை நீட்டிக்கொண்டே இருக்கும். முறைப்படி நிறுவல் நீக்கம் செய்தால் அந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும்.