சிறகை விட்டு உடலைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி, கறுப்புச் சிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று வட்டமிடுகிறது. இது ரோஜா அழகிதானா?

பதில்: கறிவேப்பிலையைச் சுற்றுகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. அது முட்டையிட இடம் தேடும், ரோஜா அழகியைப் போலத் தோன்றும் வேறொரு வண்ணத்துப்பூச்சியான பெண் கறிவேப்பிலை அழகியாகவே இருக்கக்கூடும். பறக்கும்போது சிறகின் கோலத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே, அது பூவில் அமர்ந்து தேன் உறிஞ்சும்போது பக்கவாட்டிலிருந்து உடலைக் கவனியுங்கள்: ரோஜா அழகிக்குத் தலையும் வயிற்றுப் பகுதியும் பளிச்சென்று சிவந்திருக்கும், கறிவேப்பிலை அழகியின் உடலோ கறுப்பு.

ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகொடிகளைத் தின்று அவற்றின் நச்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால், அதை ஒருமுறை சுவைத்துப் பார்த்த பறவை அந்தக் கோலத்தைக் கண்டாலே ஒதுங்கிவிடுகிறது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி, ரோஜா அழகியைப் போல வேடமிட்டு அந்த அச்சத்தில் குளிர்காய்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த வேடம் பெண்களுக்கு மட்டுமே உண்டு, அதுவும் எல்லாப் பெண்களுக்கும் அல்ல. சில பெண்கள் ஆணைப் போலவே, பின்சிறகில் வெள்ளைத் திட்டுகள் வரிசையாக அமைந்த எளிய தோற்றத்தில் இருக்கும். நடையிலும் ஒரு வேறுபாடு உண்டு. ரோஜா அழகி அவசரமின்றி மிதக்கும். கறிவேப்பிலை அழகியை விரட்டினால் வேடத்தை மறந்து விர்ரென்று பறந்துவிடும்.