கறுப்புக் காரின் சிலந்திவலைக் கீறல்களை மெஷின் பாலிஷ் போக்குமா?

வெயில் பட்டால் காரில் வட்டவட்டமாகக் கீறல்கள் தெரிகின்றன, நாமே மெஷின் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம்.

கீறல்கள் பெரும்பாலும் வண்ணத்தில் இல்லை, அதன்மேல் உள்ள நிறமற்ற பூச்சில் இருக்கின்றன. அது ஏறக்குறைய 40-50 மைக்ரான், தலைமுடியைவிட மெலிது. பாலிஷ் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் கீறலின் அடிவரை மட்டப்படுத்துகிறது. தேய்ந்தது திரும்பாது, எனவே அடிக்கடி செய்யாதீர்கள்.

சுழன்றபடியே அதிரும் 'டூயல் ஆக்‌ஷன்' மெஷின் போதும். ஒரே அச்சில் சுழலும் 'ரோட்டரி' மெஷின் புதியவர் கையில் விளிம்புகளை எரித்துவிடும். காரைக் கழுவி, கார்களுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (clay bar) ஒட்டிய அழுக்கை எடுத்தபின், ஓரடிச் சதுரத்தில் மெஷினில் மாட்டும் மென்மையான நுரைப்பஞ்சும் மென்மையான பாலிஷும் முயலுங்கள். கீறல் போகவில்லை என்றால் மட்டும் கடினமானதற்குப் போங்கள். பட்டாணி அளவில் நான்கு சொட்டு, மெதுவாகக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை. ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பாலிஷின் எண்ணெய்ப் பசை கீறலை மறைத்து ஏமாற்றும்.

சிங்கப்பூர்ப் பகல் வெயிலில் சூடேறிய பானெட்டைத் தொடாதீர்கள், பாலிஷ் காய்ந்து அப்பிக்கொள்ளும். நான் பலமாடிக் கார்ப்பேட்டை நிழலில் மின்கல மெஷினுடன்தான் செய்தேன். கீறல் போட்டதும் நானேதான்: கோப்பிக்கடைக்காரர் தோளில் கிடக்குமே, அதே முரட்டுப் பருத்தித் துண்டால் துடைத்திருந்தேன்!