ஓநாய் தாமதமாக வந்தால் என்ன?

அன்புள்ள ஐயா,

நீங்கள் பேச்சுவாக்கில் சொன்ன ‘வென் அனிமல்ஸ் ட்ரீம்’ என்ற டேனிஷ் படத்தைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, அதற்குள் இரண்டு தடவை கண் அசந்துவிட்டது. மனுஷி ஓநாயாக மாறுகிற படத்தில் ஓநாயைக் கடைசியில்தான் காட்டுகிறார்கள். விமர்சனங்களைத் தேடினால் ‘லெட் த ரைட் ஒன் இன்’ அளவுக்கு இல்லை, மெதுவாகப் போகிறது என்கிறார்கள். பருவமடைவதற்கு ஓநாயை உருவகமாக்குவதும் பழசுதானே? எதை வைத்து நல்ல படம் என்றீர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கண் அசந்தது உங்கள் தப்பில்லை. வசனம் குறைவு, வானமும் கடலும் சாம்பல் நிறம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிற படமில்லை அது.

2008இல் ‘லெட் த ரைட் ஒன் இன்’ என்ற அந்த ஸ்வீடிஷ் படம் வந்த பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து அமைதியான திகில் படம் எது வந்தாலும் அதன் அருகில் நிறுத்தித்தான் உயரம் பார்க்கிறார்கள். நீங்கள் பார்த்த படத்தின் இயக்குநர் யோனாஸ் அலெக்ஸாண்டர் ஆர்ன்பிக்கு இது முதல் முழுநீளப் படம். 2014இல் கேன் திரைப்பட விழாவின் ‘விமர்சகர் வாரம்’ என்ற பிரிவில் திரையிடப்பட்டது. ஒளிப்பதிவைப் பாராட்டியவர்களிலேயே சிலர் வேகம் போதாது என்று முணுமுணுத்தார்கள்.

உருவகம் பழசுதான், சரி. ஆனால் அதை ஒளிவுமறைவில்லாமல் செய்தது கனடாவின் ‘ஜிஞ்சர் ஸ்நாப்ஸ்’ (2000). அதில் அக்காவுக்கு முதல் மாதவிடாய் வருகிற அதே இரவில் மிருகம் கடிக்கிறது. இங்கே நாயகி மரீயை எதுவும் கடிக்கவில்லை. மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்குகிற பெண் அவள். அவள் உடம்பில் முளைப்பது அம்மா வழியாக வந்தது.

அந்த அம்மாவைக் கவனித்தீர்களா? சக்கர நாற்காலியில் பேச்சில்லாமல், அசைவில்லாமல் இருக்கிறாள். ஏதோ தீராத நோய் என்றுதான் முதலில் நினைக்கிறோம். ஊர் டாக்டர் மருந்து தருகிறார், கணவர் பொறுமையாகப் பார்த்துக்கொள்கிறார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று தோன்ற ஆரம்பித்த பிறகுதான், அவளை அப்படி ஆக்கிவைத்திருப்பதே அந்த மருந்துதான் என்று தெரிகிறது. மகளின் மார்பில் சிவந்த திட்டு தெரிந்ததும் அதே டாக்டர், அதே மருந்து அவள் பக்கம் திரும்புகிறது. அப்பாவாக லார்ஸ் மிக்கெல்சன். வில்லத்தனம் துளிகூட இல்லாமல், பிரியத்தோடு செய்கிறார். எனக்குப் பயம் வந்தது அங்கேதான். இதை விறுவிறுப்பாகச் சொல்லியிருந்தால் அம்மா வெறும் முன்கதையாகப் போயிருப்பாள். அவள் உட்கார்ந்திருப்பதை நாமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆலையில் புதிதாகச் சேர்ந்தவளை வேலைக்காரர்கள் மீன்கழிவுத் தொட்டிக்குள் தள்ளிவிட்டுச் சிரிக்கிற காட்சி ஞாபகம் இருக்கிறதா? வரவேற்பாம்! அதே கூட்டம் அப்புறம் அவளை என்ன செய்யப் பார்க்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கும் ஒரு குறை உண்டு. கடைசியில் கப்பலில் நடப்பது அவசரம். அதுவரை ஒரு வீட்டுக்குள், ஒரு ஊருக்குள் நடந்த கதை, பழிவாங்கும் படமாகச் சுருங்கிவிடுகிறது. ஓநாய் தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அது வந்ததும் மரீயைப் படம் கைவிட்டுவிட்டதே என்றுதான்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் பகலில் பாருங்கள். நீங்கள் தூங்கிப்போனது அம்மா வருகிற காட்சிகளில்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.