உதவித்தொகை பெற்ற மாணவி தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியது எப்படி?

அமெரிக்காவின் லத்தீனோ சமூகத்தில் (லத்தீன் அமெரிக்க வேர்கள் கொண்டவர்கள்) இளம் வயதில் விருதோ உதவித்தொகையோ பெற்றவர்கள் பிறகு தொண்டு நிறுவனத் தலைவர்களாவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அந்தோனியா பந்தோஹா.

1922-இல், அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கிராமப் பள்ளியில் ஆசிரியையாக இருந்துவிட்டு 1944-இல் நியூயார்க் வந்தார். அங்கே கிடைத்தது போர்க்காலத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. அப்புறம் உதவித்தொகையோடு ஹன்டர் கல்லூரியில் 1952-இல் பட்டம், கொலம்பியாவில் சமூகப்பணி முதுகலை.

பட்டத்தோடு நல்ல வேலை தேடிப் போயிருக்கலாம். ஆனால் படிக்கும்போதே தன்னைப் போன்ற இளைஞர்களைச் சேர்த்துச் சங்கம் நடத்தத் தொடங்கிவிட்டார். அவரைத் தலைவராக்கியது இந்தப் பழக்கம்தான் என்பது என் கருத்து.

1961-இல் அவர் தொடங்கிய 'அஸ்பிரா' என்ற தொண்டு நிறுவனம், பள்ளிகளில் புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்களுக்கு மன்றங்கள் அமைத்தது. பிள்ளைகளே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், தங்கள் தீவின் வரலாற்றைப் படித்தார்கள், கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கற்றார்கள். பதினாறு வயதிலேயே கூட்டம் நடத்திப் பழகியவருக்குப் பின்னாளில் ஓர் அமைப்பை நடத்துவது புதிதாக இருக்காது, இல்லையா?

1972-இல் அஸ்பிரா நியூயார்க் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1974-இல் ஏற்பட்ட உடன்பாட்டால், ஆங்கிலம் போதாத ஸ்பானிய மொழிப் பிள்ளைகளுக்கு இருமொழிக் கல்வி கிடைத்தது. பந்தோஹாவுக்கு அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் வந்தது 1996-இல்தான்.