காசு குழந்தைக்கா, கட்டடத்துக்கா?

ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு உதவ நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறு.

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ருவாண்டாவிலோ உகாண்டாவிலோ ஓர் அனாதை இல்லத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்ப ஆசை. நல்ல இல்லமாக ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: சொல்ல மாட்டேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'அனாதை' என்ற சொல்லே முதலில் நம்மை ஏமாற்றுகிறது. யுனிசெஃப் கணக்கில் அப்பா, அம்மா இருவரில் ஒருவரை இழந்த பிள்ளையும் அனாதைதான். 2015 கணக்குப்படி உலகம் முழுக்க அப்படிச் சுமார் 14 கோடிப் பிள்ளைகள்; அதில் இருவரையுமே பறிகொடுத்தவர்கள் ஒன்றரைக் கோடி. இல்லங்களில் வளர்கிற பிள்ளைகளிலும் பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். அப்புறம் ஏன் இல்லத்துக்கு வருகிறார்கள் என்றால், வறுமைதான். பள்ளிக்கூடத்துச் செலவுக்குக் காசில்லை, வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. இல்லத்தில் விட்டால் படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று யாரோ வந்து சொல்ல, பெற்றவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பிவைக்கிறாள். தலைக்கு இவ்வளவு என்று வெளிநாட்டு நன்கொடை வரும் இடத்தில் எந்தக் கட்டில் காலியாக இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட ருவாண்டாவையே எடுத்துக்கொள்வோம். 1994 இனப்படுகொலை லட்சக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோன நாடு, அதனால் இல்லங்கள் முளைத்ததில் ஆச்சரியமில்லை. 2012 வாக்கில் 33 இல்லங்களில் 3,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். இல்லங்களை ஒவ்வொன்றாக மூடி, பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்புவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. 'துபரேரேரே மு முர்யாங்கோ' என்று திட்டத்துக்குப் பெயர், குடும்பத்திலேயே வளர்ப்போம் என்று அர்த்தம். கதவைத் திறந்துவிட்டு 'போ' என்று சொல்லிவிடவில்லை. உறவுகளைத் தேடினார்கள், அம்மா, பாட்டி, சித்தி என்று யாராவது கிடைக்கிறார்களா என்று பார்த்தார்கள், யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பம் பார்த்தார்கள். கிராமத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு தன்னார்வலர்கள். அந்த ஊர்க்காரர்களேதான், வீட்டுக்குப் போய்ப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்து வருவது இவர்கள் வேலை. கட்டடம் கட்டுவதைவிட இது தலைவலி பிடித்த வேலை. புகைப்படம் எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்பவும் இதில் ஒன்றும் இருக்காது. நீங்கள் பணம் கொடுத்தால் இந்த மாதிரி வேலைக்குக் கொடுங்கள். எந்த அமைப்பானாலும், 'போன வருஷம் எத்தனை பிள்ளைகளை வீட்டோடு சேர்த்தீர்கள்?' என்று எழுதிக் கேளுங்கள். கட்டில் எண்ணிக்கையைச் சொல்லி மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கல்லூரி விடுமுறையில் மூன்று வாரம் கென்யாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தொண்டு செய்யலாம் என்று ஒரு நிறுவனம் கூப்பிடுகிறது. கட்டணமும் உண்டு. போகலாமா?

பதில்: வேண்டாம். முதல் நாளே ஓடி வந்து உங்கள் மடியில் ஏறுகிற குழந்தையைப் பார்த்து உருகிப்போவீர்கள். முன்பின் தெரியாத ஆளிடம் குழந்தை அப்படி ஒட்டிக்கொண்டால் அது நல்ல அறிகுறி இல்லை. இதற்கு முன் எத்தனையோ பேர் வந்து கொஞ்சிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். மூன்று வாரத்தில் நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். உங்கள் கட்டணமும் அந்த இல்லத்தில் பிள்ளைகள் இருந்தாக வேண்டிய காரணங்களில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கென்யாவைப் பார்க்க ஆசையா, சுற்றுலாவாகவே போய் வாருங்கள், தப்பே இல்லை.

கேள்வி: பட்டினியில் கிடக்கும் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு பாக்கெட் கொடுப்பதை டிவியில் பார்த்தேன். அதற்குள் என்ன இருக்கிறது? அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: பெரிய விஷயம்தான். நிலக்கடலை விழுது, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகள். 92 கிராம், 500 கலோரி. 1996-ல் பிரான்சில் ஆந்த்ரே பிரியான் என்ற குழந்தை ஊட்டச்சத்து மருத்துவரும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் உருவாக்கினார்கள்; பெயர் பிளம்பி நட்.

கடலை விழுதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அதற்கு முன் எப்படி இருந்தது என்று பார்த்தால் புரியும். கடுமையாக மெலிந்த குழந்தைக்கு அப்போது கொடுத்தது சிகிச்சைப் பால். சுத்தமான தண்ணீரில் கலக்க வேண்டும், கலந்ததை வைத்திருந்தால் கெட்டுப்போகும், அதனால் குழந்தையை மையத்தில் சேர்த்தே ஆக வேண்டும். கூடவே தாயும் வாரக்கணக்கில் தங்க வேண்டும். அங்கே வீட்டில் மற்ற மூன்று பிள்ளைகள், விதைக்க வேண்டிய நிலம். பாதியிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய தாய்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கடலை விழுதில் தண்ணீர் இல்லை, அதனால் கிருமி எளிதில் வளராது, குளிர்பெட்டியும் வேண்டாம். மூலையைக் கிழித்துக் கொடுத்தால் குழந்தை அப்படியே உறிஞ்சிச் சாப்பிடும், வீட்டிலேயே. 2005-ல் நைஜர் நாட்டுப் பஞ்சத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பல்லாயிரம் குழந்தைகளுக்கு இப்படித்தான் வைத்தியம் பார்த்தது. 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்த முறையை ஆதரித்து அறிக்கை விட்டன.

யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு நாடா இருக்கிறது, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் போட்டது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மேல்கையைச் சுற்றி வைத்து அளக்க வேண்டும். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு. ஒரு காகிதத் துண்டை அந்த நீளத்துக்கு வெட்டி வளையமாக ஒட்டிப் பாருங்கள், குறுக்களவு நான்கு சென்டிமீட்டர்கூட வராது. மூன்று வயதுப் பிள்ளையின் கை அதற்குள் நுழைகிறதென்றால் என்ன நிலைமை! சிவப்பு வந்தால் அடுத்தது பசிச் சோதனை. தாய் மடியில் உட்கார்ந்தபடி குழந்தை அந்த விழுதைச் சாப்பிடுகிறதா என்று பார்ப்பார்கள். சாப்பிட்டு, வேறு சிக்கலும் இல்லையென்றால் ஒரு வாரத்துக்கான பாக்கெட்டோடு வீட்டுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நைஜரில் தாய்களுக்கே நாடாவைக் கொடுத்து அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அவர்களும் நன்றாகவே அளந்தார்கள். (இது எப்படி முடிந்தது என்று அதிசயப்பட்ட நிபுணர்கள் துணி தைக்கிற பெண்களைப் பார்த்ததில்லை போலும்.)

ஆனால் இது வைத்தியம்தான். குழந்தை ஏன் அந்த நிலைக்கு வந்தது என்பதற்குப் பாக்கெட்டில் பதில் கிடையாது.

கேள்வி: அமெரிக்கா உதவியை நிறுத்தியது இதையும் பாதித்ததா?

பதில்: பாதித்தது. 2025 தொடக்கத்தில் வெளிநாட்டு உதவியை முடக்கியபோது, தயாராக இருந்த கடலை விழுதுப் பெட்டிகள் கிடங்கிலேயே தேங்கின. ஜூலையோடு, அந்த உதவியைக் கொடுத்துவந்த அமெரிக்க அரசு அமைப்பான யுஎஸ்எய்டே இழுத்து மூடப்பட்டது. ஒரு பெட்டியில் 150 பாக்கெட். ஒரு குழந்தை தேறி எழுந்திருக்க ஆறு முதல் எட்டு வாரம், ஏறக்குறைய ஒரு பெட்டி. அதாவது கிடங்கில் நிற்கும் பெட்டிகளை எண்ணினால் குழந்தைகளை எண்ணிய மாதிரிதான்.

கேள்வி: ஏழைக் குடும்பத்துக்குப் பணமாகவே கொடுக்கச் சொல்கிறார்கள். குடித்துத் தீர்த்துவிட மாட்டார்களா?

பதில்: இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. 2014-ல் உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், பணம் வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. கென்யாவில் 2004-ல் முன்னோட்டமாகத் தொடங்கிய ஓர் அரசுத் திட்டம் இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றும் ஏழை வீடுகளுக்குப் பணம், பின்னாளில் மாதம் 2,000 ஷில்லிங் என்று ஆனது. வாங்குபவர்களில் நிறையப் பேர் பாட்டிகள். மலாவியின் ம்சிஞ்சி மாவட்டத்தில் 2006-ல் தொடங்கிய திட்டத்தில், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கென்று கூடுதலாகவும் கொடுக்கிறார்கள். பாட்டி கையில் காசு இருந்தால் பேரன் இல்லத்துக்குப் போக வேண்டியதில்லை, சரிதானே? குடிக்கிற ஆள் ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. அவரும் இருப்பார், நம் தெருவில் இல்லையா?

கேள்வி: பழைய உடைகளைச் சேர்த்து அனுப்பலாம் என்று இருக்கிறோம்.

பதில்: அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் தானமாகக் கொடுத்த உடைகளில் பெரும்பகுதி எடைபோட்டு விற்கப்பட்டு, மூட்டை மூட்டையாகத்தான் அங்கே இறங்குகிறது. கென்யாவில் அதற்கு 'மிதும்பா' என்றே பெயர், மூட்டைகள் என்று பொருள். கானாவில் சொல்வது இன்னும் நறுக்கென்று இருக்கும், 'ஒப்ரோனி வாவு': செத்துப்போன வெள்ளைக்காரரின் துணி. இவ்வளவு துணியை யாராவது உயிரோடு இருக்கும்போதே தூக்கிக் கொடுப்பார்களா என்ற சந்தேகத்தில் வந்த பெயராம்.