உங்கள் ஒரு நாள் பயணத்தை எழுதிக்கொண்டு போங்கள்

(புறநகர் மின்சார ரயில் நிலையங்களில் 32 ஆண்டுகள் டிக்கெட் கவுன்ட்டரில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெண்மணி பதில் சொல்கிறார். சென்னைப் புறநகர்ப் போக்குவரத்தை மேம்படுத்துவதற்கான கருத்துக்கேட்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.)

கேள்வி: எங்கள் பக்கத்தில் போக்குவரத்து பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்போகிறார்களாம். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். திட்டமும் வரைபடமும் எனக்குப் புரியாது. போய் என்ன பேசுவது?
*வாசகி, ஊரப்பாக்கம்*

பதில்: அவசியம் போங்கள், அம்மா. திட்டம் போடுவது அவர்கள் வேலை. நீங்கள் தினமும் எப்படிப் போய் வருகிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால் போதும்.

நான் 1989-ல் வேலைக்குச் சேர்ந்தபோது அட்டை டிக்கெட் காலம். கவுன்ட்டர் துவாரத்தில் முகம் சரியாகத் தெரியாது, கைதான் உள்ளே வரும். ஈரமும் நார் வாசனையுமாக ஒரு கை வந்தால், கேட்பதற்கு முன்பே கோட்டை நிலையத்துக்கான டிக்கெட்டை எடுத்துவிடுவேன். பூக்கடைக்குப் போகிறவர் என்று தெரியும். இத்தனை ஆண்டுகள் டிக்கெட் கொடுத்த எனக்கே ஓய்வுபெற்ற பிறகுதான் ஒன்று உறைத்தது. டிக்கெட்டில் ஏறும் நிலையமும் இறங்கும் நிலையமும் மட்டுமே இருக்கின்றன. வீட்டிலிருந்து நிலையம்வரை அந்த அம்மா கூடையோடு எப்படி வந்தார், இருட்டில் நடந்தாரா, ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் என் கணக்குப் புத்தகத்தில் ஒரு நாளும் ஏறியதில்லை. ரயிலில் போகும் நேரத்தைவிட ரயிலடிக்கு வந்து சேரும் நேரம் அதிகமாக இருக்கிற ஆயிரமாயிரம் பேருக்கு நான் டிக்கெட் கொடுத்திருக்கிறேன்.

அதனால் கூட்டத்துக்கு முன்பு ஒரு நாள், ஒரே ஒரு நாள், கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். எத்தனை மணிக்கு வீட்டை விட்டீர்கள், எந்த முனையில் எத்தனை நிமிடம் நின்றீர்கள், எத்தனை படி ஏறினீர்கள், திரும்பும்போது எந்த இடத்தில் விளக்கு இல்லை. பெண்கள் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்குமாக நேர்கோட்டில் போவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டி, காய்கறி வாங்கித் திரும்புகிறோம். ‘எங்கே வேலை செய்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்கிற படிவத்தில் இந்தப் பயணம் விழாது. படிவத்தில் இடம் இல்லாவிட்டால் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். ‘அதுதான் ரயில் இருக்கிறதே’ என்று ரயில் பாதையை ஒட்டி ஓடும் பஸ்களைக் குறைத்தால், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த 5 ரூபாயோடு நிலையத்திலிருந்து போகும் ஷேர் ஆட்டோ கட்டணமும் தினம் சேர்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இது தானாகத் தோன்றாது.

கேள்வி: எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தானே கேட்கிறார்கள்? பொதுமக்கள் சொல்லி எது மாறியிருக்கிறது?
*வாசகர், ஆவடி*

பதில்: மாறியிருக்கிறது. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டுத் தடத்தில் 2025 ஏப்ரல் 19 அன்று முதல் குளிர்சாதன மின்சார ரயிலை விட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஒத்துவரவில்லை. தெற்கு ரயில்வே பயணிகளிடம் கருத்துக் கேட்டது, மே 2 முதல் நேரங்களை மாற்றியது. இரண்டே வாரம்.

கிளாம்பாக்கத்தையும் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று பஸ் நிலையம் திறந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் ஓடுகிறது, ஆனால் அன்று அங்கே ரயில் நிலையம் கிடையாது. பொங்கலுக்குத் தென்மாவட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் மூட்டையும் குழந்தையுமாக வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் ரயில் ஏற வேண்டியிருந்தது. கண்ணெதிரே ரயில் ஓடுகிறது, ஏற முடியவில்லை. ரயில் நிலையப் பணியும் சாலையைக் கடக்கும் நடைமேம்பாலப் பணியும் அதற்குப் பிறகுதான் நடந்தன. அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்துக் கட்டு என்றுதான் சொல்லியிருப்பார்.

கால அட்டவணையைத் திருத்துவது எளிது. கான்கிரீட்டைத் திருத்துவது அப்படியல்ல. ஆகவே கூட்டத்தில் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ‘இந்தத் திட்டம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது? எது இன்னும் முடிவாகவில்லை?’ முடிவாகாததைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் பேசுகிறோம் என்பதும் முக்கியம். மின்சார ரயில் மத்திய அரசின் கையில் இருக்கிறது, மாநகரப் பஸ் மாநில அரசின் கையில் இருக்கிறது, மெட்ரோ இருவருக்கும் பொது, நிலையத்து வாசலில் இருக்கும் நடைபாதை மாநகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ உரியது. இவர்களை ஒன்றாக உட்காரவைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதாவது கும்டா, வந்தது. சட்டம் இயற்றியது 2010-ல். குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள்! அந்தத் தாமதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் ‘சென்னை ஒன்’ செயலி வந்தபோது, பூங்கா நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டிக்கு இன்னொரு வரிசையில் நின்ற எத்தனையோ முகங்கள் என் நினைவுக்கு வந்தன.

கேள்வி: வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம் வைக்கிறார்கள். நாங்கள் எப்படி வருவது?
*வாசகர், பெருங்களத்தூர்*

பதில்: நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். ஓய்வுபெற்ற பிறகு அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். குளிர்சாதன மண்டபம். வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வூதியம் வாங்குபவர்கள். திரையில் காட்டிய வரைபடம் முழுவதும் ஆங்கிலம். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, ‘இதிலே எங்க ஊர் எங்கே இருக்குது?’ என்று கேட்டார். விளக்கிக்கொண்டிருந்தவர் சுட்டிக்காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தப் பாட்டியின் கேள்விதான் அன்றைய கூட்டத்திலேயே முக்கியமான கேள்வி. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கூட்டத்தை மாலை 6 மணிக்கு மேல் நடைமேடையிலேயே வையுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். ஒரு மேஜை, தமிழில் ஒரு வரைபடம், எழுதிக்கொள்ள ஒருவர் போதும். தாம்பரத்தில் மூன்று மாலை உட்கார்ந்தால் மண்டபத்தில் மூன்று மாதத்தில் கிடைக்காதது கிடைக்கும். இணையப் படிவமும் இருக்கட்டும், ஆனால் அது மட்டும் போதாது. பூக்கூடைக்காரரும் கட்டட வேலைக்குப் போகும் வடநாட்டுப் பிள்ளைகளும் அதில் வரமாட்டார்கள்.

இன்னொரு வழி பகுதி சபை, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம். 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். உங்கள் வார்டு உறுப்பினரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். நிலையத்துக்குப் போகும் தெருவிளக்கும் நடைபாதையும் அங்கே பேச வேண்டியவைதான்.

கேள்வி: கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் எப்போது தொடங்கியது? மீட்டர் கேஜ் வண்டி எப்போது நின்றது?
*வாசகர், குரோம்பேட்டை*

பதில்: 1931-ல் தொடங்கியது. 2004 ஜூலை 1 அன்று கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடியது. அன்று எனக்குப் பணி இருந்தது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே அழுதேன்.

கேள்வி: கருத்தை எழுதி எங்கே அனுப்புவது? பதில் வராவிட்டால் என்ன செய்வது?
*வாசகி, மீஞ்சூர்*

பதில்: கருத்துக் கேட்ட அலுவலகத்துக்கு ஒன்று, கும்டாவுக்கு ஒன்று, ரயில் சம்பந்தமாக இருந்தால் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்ட மேலாளருக்கு ஒன்று. ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை. பத்தை அடுக்கினால் எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

இரண்டு மாதம் பார்த்தும் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘இத்தனாம் தேதி நடந்த கருத்துக்கேட்பில் வந்த மொத்தக் கருத்துகள் எத்தனை, எத்தனை ஏற்கப்பட்டன, என் கடிதத்தின் மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலிருந்து வரும் கடிதங்கள் மிகக் குறைவாக இருக்கின்றன.